இயற்கைக்கு நோக்கம் இருக்கா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

ப்ளஸ் டூ பசங்களுக்கு நான் தாவரவியல் எடுக்குறேன். பரிணாமம் பாடம் வர்ற வாரம், பெல் அடிச்ச பிறகும் நாலு பேர் டேபிளைச் சுத்தி நிப்பாங்க, அவங்க வீட்ல போய் பேசி அடுத்த நாள் அப்பா அம்மாவோட கேள்வியையும் சேர்த்துக் கொண்டு வருவாங்க. வருஷா வருஷம் கிட்டத்தட்ட அதே கேள்விங்கதான். அவங்க கேட்ட வார்த்தையிலயே எழுதி, எனக்குப் புரிஞ்ச வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன்.

இயற்கைவாதம்னா என்ன சார், இயற்கை விவசாயம் மாதிரியா?

இல்லப்பா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இருக்குறது எல்லாமே இயற்கைக்குள்ளதான் இருக்கு, உயிர், மனசு, அறம் எல்லாம் இதுக்குள்ளயே வந்ததுதான், வெளிய இருந்து யாரும் கை நீட்டி எதையும் நடத்தலங்கிற தத்துவப் பார்வைதான் இயற்கைவாதம்.

இதுல ரெண்டு அளவு இருக்கு, அதைக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டை வருது. ஒண்ணு, ஆராய்ச்சி பண்ணும்போது மட்டும் இயற்கையான காரணத்தைத் தேடுறது. மெண்டல் ஒரு கிறிஸ்தவத் துறவி, மடத்துத் தோட்டத்துலதான் பட்டாணி வளர்த்தாரு, ஆனா 1866ல கட்டுரை வெளியிட்டப்போ அடுத்த தலைமுறைச் செடிங்கள்ல ரெண்டு குணம் 3க்கு 1ங்கிற விகிதத்துல வர்ற கணக்கைத்தான் எழுதினாரு, கடவுள் சித்தம்னு எழுதல. இன்னொண்ணு, இயற்கையைத் தவிர வேற எதுவுமே கிடையாதுன்னு முழுசா சொல்றது. முதல்லதை ஏத்துக்கிட்டவங்க ரெண்டாவதையும் ஏத்துக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல. நான் ரெண்டாவது பக்கம், அதை இப்பவே சொல்லிடுறேன்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த சிந்தனைதானே?

மணிமேகலையில 27வது காதையைப் படிச்சுப் பாருங்க. ஒவ்வொரு சமயத்துக்காரரும் வந்து தன் கொள்கையைச் சொல்வாங்க, அதுல கடைசியா பூதவாதின்னு ஒருத்தர் வர்றாரு. தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் இன்னும் சிலதையும் சேர்த்து வச்சா எப்படி அதுல போதை பிறக்குதோ, அதே மாதிரி நிலம், நீர் மாதிரியான பூதங்கள் கூடுறப்போ உணர்வு பிறக்குது, பிரிஞ்சா போயிடுதுங்கிறாரு. உணர்வுங்கிறது பொருளோட சேர்க்கையில வர்ற குணம்னு தமிழ்லயே அவ்வளவு தெளிவா சொல்லி வச்சிருக்காங்க.

மணிமேகலை அவருக்குச் சொல்ற பதிலும் நல்ல பதில். கண்ணால பாத்ததை மட்டும்தான் நம்புவேன்னா உன் அப்பா அம்மாவையே நீ அனுமானத்தாலதானே தெரிஞ்சுக்கிட்டன்னு கேக்குறா. அந்த அடி சரியான இடத்துல விழுந்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். இன்னைக்கு இருக்குற இயற்கைவாதம் அனுமானத்தை ஒதுக்கல, அதை நம்பித்தான் நிக்குது.

ஏன்னு கேட்டா எல்லாத்துக்கும் பதில் வருதே, அதுதானே நோக்கம்?

தமிழ்ல நமக்கு ஒரு வசதி இருக்கு. "ஏன்"ங்கிற ஒரே கேள்வியை "எதனால"ன்னும் கேக்கலாம், "எதுக்கு"ன்னும் கேக்கலாம். மழை ஏன் பெய்யுது? ஆவி மேல போய் குளிர்ந்து தண்ணியாகி விழுதுன்னா அது "எதனால"வுக்கு பதில். பயிர் விளையுறதுக்குன்னா அது "எதுக்கு"க்கு பதில். நோக்கம்னு பேசுறப்போ நாம கேக்குறது எப்பவும் இந்த ரெண்டாவது கேள்வியைத்தான். கீழ வர்ற எல்லா பதில்லயும் இந்த ரெண்டு வார்த்தையும் வரும், கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

இந்த மழை உதாரணம் என்னோடது இல்ல, அரிஸ்டாட்டில் எடுத்துப் பேசினது. மழை பயிருக்காகப் பெய்யல, சும்மாதான் பெய்யுதுன்னா, பல்லையும் அப்படிச் சொல்லலாமே, முன்பல்லு கூரா முளைச்சது கடைவாய்ப்பல்லு தட்டையா முளைச்சது எல்லாம் தற்செயல், வசதியா அமைஞ்ச உயிருங்க பிழைச்சுது மத்தது அழிஞ்சுதுன்னு, தனக்கு முந்தின கிரேக்கத் தத்துவவாதி எம்பெடோக்ளிஸ் பக்கத்து வாதத்தை அவரே எடுத்து வைக்கிறாரு. வச்சுட்டு, எப்பவுமே, இல்லன்னா பெரும்பாலும், இப்படியேதான் முளைக்குதுன்னா அது தற்செயலா இருக்க முடியாது, அதனால ஏதோ ஒண்ணுக்காகத்தான்னு முடிக்கிறாரு. தற்செயல் இல்லன்னா நோக்கம், நோக்கம் இல்லன்னா தற்செயல், மூணாவது வழியே இல்லன்னு அவர் போட்ட அந்தப் பிரிவுதான் ரெண்டாயிரம் வருஷம் நின்னுச்சு.

எருக்கம் பஞ்சு பறக்குறதுக்குத்தான் இருக்கு, அது நோக்கம் இல்லையா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது, ஒரு பையன் காய்ஞ்ச எருக்கங்காயைக் கையில கொண்டு வந்தே கேட்டான். அதைப் பிளந்து பாத்தா தட்டையா பழுப்பு நிற விதைங்க ஓடு வேஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி இருக்கும், ஒவ்வொண்ணோட நுனியிலயும் பட்டு மாதிரி வெள்ளைப் பஞ்சு மடங்கி இருக்கும், காத்து பட்டதும் விரிஞ்சு எழும்பும்.

அந்தப் பஞ்சு பறக்குறதுக்குத்தான் இருக்குன்னு தாராளமா சொல்லலாம், நானும் க்ளாஸ்ல அப்படித்தான் சொல்றேன். ஆனா அந்த "க்கு" எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்கணும். முன்னாடி இருந்த செடிங்கள்ல கொஞ்சம் நல்லா பறந்த விதைங்க தாய்ச்செடி நிழலைத் தாண்டி விழுந்து முளைச்சுது, பறக்காதது அங்கயே நெருக்கடியில கருகிச்சு, இப்படியே தலைமுறை தலைமுறையா போனதாலதான் இன்னைக்கு இந்த விதையில இந்தப் பஞ்சு இருக்கு. அதாவது பறந்ததுங்கிற விளைவே அது இன்னைக்கு இருக்குறதுக்குக் காரணம். "எதுக்கு"ங்கிற கேள்விக்கு பதில், போன காலத்து "எதனால"வுக்குள்ள உக்காந்திருக்கு. லாரி ரைட்ங்கிற தத்துவவாதி 1973ல இந்த மாதிரி ஒரு விளக்கத்தைக் கொடுத்தாரு, பின்னாடி 1984ல ரூத் மில்லிகன் இதே திசையில பரிணாம வரலாறை வச்சு இன்னும் விரிவா கட்டினாங்க.

அப்போ எல்லாமே காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையா?

பாதி மட்டும். மரபணுவுல மாற்றம் வர்றது காக்கா பனம்பழம் மாதிரிதான், செடிக்கு எது தேவைன்னு பாத்து அது வர்றதில்ல. ஆனா வந்ததுல எது தங்குது எது போகுதுங்கிறது தற்செயல் இல்ல, எருக்கம் பஞ்சுல பாத்தோமே, பறந்தது தங்குறதுக்கு உறுதியான காரணம் இருக்கு. அரிஸ்டாட்டில் இல்லன்னு நினைச்ச அந்த மூணாவது வழி இதுதான், டார்வின் 1859ல எழுதினதோட முழு எடையும் இந்த இடத்துலதான் இருக்கு.

ரிச்சர்ட் லென்ஸ்கிங்கிற ஆராய்ச்சியாளர் 1988ல 12 குடுவையில ஒரே ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்க ஆரம்பிச்சாரு, சோதனை பல்லாயிரம் தலைமுறைக்குப் போச்சு. எல்லா குடுவையிலயும் சிட்ரேட்ங்கிற ரசாயனம் இருந்துச்சு, ஆக்சிஜன் இருக்குற நிலைமையில அதைத் தின்ன அதுங்களால முடியாது. சுமார் 31,000 தலைமுறைக்கு அப்புறம் ஒரே ஒரு குடுவையில மட்டும் அதைத் தின்னுற கூட்டம் வந்து பெருகிச்சு. வந்தது அதிர்ஷ்டம், வந்த பிறகு அந்தக் குடுவையை அது நிரப்பினதுல அதிர்ஷ்டம் ஒண்ணும் இல்ல.

கண்ணைப் பாத்தா யாரோ உக்காந்து டிசைன் பண்ண மாதிரியே இருக்கே?

1802ல வில்லியம் பேலிங்கிற இங்கிலாந்து பாதிரியார் இதைத்தான் சொன்னாரு, தரையில ஒரு கடிகாரம் கிடந்தா செஞ்சவன் ஒருத்தன் இருப்பான்னுதானே நினைப்போம், கண்ணும் அப்படித்தான்னு. அன்னைக்கு அது நியாயமான வாதம், இளம் வயசுல டார்வினுக்கே அது பிடிச்சிருந்துச்சு.

ஒரு பேப்பர்ல 8 சென்டிமீட்டர் தள்ளி ரெண்டு புள்ளி வைங்க. இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால இடது பக்கப் புள்ளியையே பாத்துக்கிட்டு பேப்பரை மெதுவா முன்னும் பின்னும் நகர்த்துங்க. கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் தூரத்துல வலது பக்கப் புள்ளி காணாமப் போகும். நம்ம கண்ணுல நரம்பு இழைங்க விழித்திரைக்கு முன்பக்கமா ஓடி ஒரு ஓட்டை வழியா பின்னாடி வெளிய போகுது, அந்த ஓட்டை இருக்குற இடத்துல பார்வை இல்ல. ஆக்டோபஸ் கண்ணுல நரம்பு பின்பக்கமாவே போயிடுது, ஓட்டையே தேவைப்படல. ஒட்டகச்சிவிங்கியில மூளையில இருந்து குரல்வளைக்குப் போற நரம்பு, கழுத்து முழுக்க இறங்கி நெஞ்சுல ரத்தக்குழாயைச் சுத்திட்டு திரும்ப மேல ஏறுது, பல மீட்டர் வீண் சுத்து. மீன் மாதிரி இருந்த முன்னோருக்கு அது நேர் வழி, கழுத்து நீள நீள நரம்பும் கூடவே இழுபட்டுச்சு. இருக்குறதைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிட்டே வந்த தடம் அதுல அப்படியே தெரியுது, புதுசா வரைஞ்சு செஞ்சிருந்தா இந்தச் சுத்து தேவையே இல்ல.

இதயம் பம்ப் பண்றதுக்கு, ஓகே. லப்டப் சத்தம் எதுக்கு?

வால்வு மூடுறப்போ வர்ற சத்தம் அது. டாக்டருக்கு ரொம்ப உபயோகம், ஆனாலும் அது இதயத்தோட வேலை இல்ல, சத்தம் வந்ததாலதான் இதயம் இன்னைக்கு வரைக்கும் நம்ம உடம்புல நிலைச்சுதுன்னு சொல்ல முடியாதே. ரத்தத்தைத் தள்ளினதாலதான் நிலைச்சுது. உபயோகம் வேற, வேலை வேற.

இதுல இன்னொரு விஷயமும் தெளிவாகும். பழுதான இதயம் சரியா பம்ப் பண்ணல, ஆனாலும் அதோட வேலை பம்ப் பண்றதுதான், அதனாலதான் நாம அதைப் பழுதுன்னே சொல்றோம். கல்லு பம்ப் பண்ணலன்னா யாரும் பழுதுன்னு சொல்ல மாட்டாங்க. வேலைங்கிறது இன்னைக்கு என்ன நடக்குதுங்கிறதை வச்சு வர்றதில்ல, எந்த வரலாறால அந்த உறுப்பு வந்துச்சுங்கிறதை வச்சு வருது.

ஐஸ் தண்ணியில மிதக்குதே, மீனுங்க சாகக் கூடாதுன்னுதானே அப்படி இருக்கு?

தண்ணி 4 டிகிரி செல்சியஸ்ல அதிக அடர்த்தியா இருக்கும், அதுக்குக் கீழ குளிர்ந்தா விரியும், உறையுறப்போ இன்னும் விரியும், அதனால ஐஸ் மேல மிதக்குது, குளிர் நாட்டு ஏரிங்கள்ல அடியில மீன் உயிரோட இருக்குது. எல்லாம் உண்மைதான். எருக்கம் பஞ்சுக்குக் கேட்ட அதே கேள்வியை இங்க கேளுங்க: மீனைக் காப்பாத்தினதாலயா தண்ணிக்கு இந்தக் குணம் தங்குச்சு? மீனே இல்லாத இடத்துலயும் தண்ணி இப்படித்தான். ஐஸ் மிதக்காத தண்ணி ஒண்ணு இருந்து அது தோத்துப் போகல. அதனால இங்க "எதனால" மட்டும்தான் இருக்கு, "எதுக்கு" இல்ல. தண்ணிக்கு ஏத்த மாதிரி அமைஞ்சது மீன்தான்.

மலை, நதி, நட்சத்திரம் எல்லாத்துக்கும் என் பதில் இதேதான்.

பாக்டீரியா சர்க்கரையைத் தேடிப் போகுதுன்னு க்ளாஸ்ல சொன்னீங்க, அதுக்கு ஆசை இருக்கா?

ஈ.கோலை சுமார் ஒரு செகண்ட் நேரா நீந்தும், அப்புறம் ஒரு உருட்டு உருண்டு திசை மாறும், திரும்ப நீந்தும். போற வழியில சர்க்கரை அதிகமாகிக்கிட்டே இருந்தா உருளுறதைக் குறைச்சுக்கும், அவ்வளவுதான் சூட்சுமம், இதுலயே அது சர்க்கரை இருக்குற பக்கம் போய்ச் சேர்ந்துடும். சில செகண்டுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சுங்கிறதை அதோட உணர்விப் புரதங்கள்ல ஏற்படுற ஒரு ரசாயன மாற்றம் வச்சிருக்கு.

அதுக்கு இலக்கு இருக்கு, ஆனா ஆசை இருக்குன்னு சொல்ல எந்தக் காரணமும் இல்ல. இந்த மாதிரி நடத்தையைச் சொல்லும்போது அரிஸ்டாட்டில் சாயல் வரக்கூடாதுன்னுதான் 1958ல காலின் பிட்டென்ட்ரிக் டெலியோனமின்னு தனி வார்த்தையே உருவாக்கினாரு. என் கணக்குல நோக்கம்ங்கிற ஒரே சொல்லுக்குள்ள மூணு விஷயம் அடைஞ்சு கிடக்கு: எருக்கம் பஞ்சுக்கு இருக்குற வேலை, பாக்டீரியாவுக்கு இருக்குற இலக்கு, நமக்கு இருக்குற எண்ணம். மூணும் நிஜம், ஆனா மூணும் ஒண்ணு இல்ல.

பசு கன்னுக்காகத்தானே பால் சுரக்குது, பாலுக்குத் தெரியுமா கன்னு இருக்குன்னு?

இந்தக் கேள்வி நம்ம நாட்டுத் தத்துவத்துல நேருக்கு நேர் மோதின கேள்வி. அறிவில்லாத பால் கன்னு வளர்றதுக்காகச் சுரக்குற மாதிரி, அறிவில்லாத பிரகிருதியும் (மூலப் பொருள்) புருஷனோட (ஆன்மாவோட) விடுதலைக்காக இயங்குதுன்னு சாங்கியத் தத்துவ நூலான சாங்கிய காரிகை சொல்லுது. சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்துல இதை மறுக்குறாரு: பசு அறிவுள்ள உயிரு, கன்னு மேல இருக்குற பாசத்தாலதான் பால் இறங்குது, கன்னு சப்பி இழுக்கவும் செய்யுது, அறிவில்லாதது தானா ஒரு நோக்கத்துக்காக வேலை செய்யும்னு இதை வச்சு சொல்ல முடியாதுன்னு.

எங்க பாட்டி வீட்ல மாடு இருந்துச்சு. கறக்குறதுக்கு முன்னாடி கன்னை அவுத்து விட்டு ரெண்டு நிமிஷம் முட்ட விடுவாங்க, காம்புல அந்த வாய் படுறப்போ நரம்பு வழியா மூளைக்குச் செய்தி போய் ஆக்சிடோசின் சுரந்து பால் இறங்கும் (இது நான் பின்னாடி படிச்சது, பாட்டிக்கு "பால் இறங்கிடுச்சு" அவ்வளவுதான்). ஒரு தடவை கன்னு செத்துப்போச்சு. அதோட தோலுக்குள்ள வைக்கோலைத் திணிச்சு, நாலு குச்சி வச்சு நிக்க வச்சாங்க. பசு அதை மோந்து, நக்கிக் குடுத்துச்சு, பால் இறங்குச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், ரொம்ப நாள் அந்த முகம் மறக்கல.

பசுவோட பாசம் பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன், சங்கரர் பாத்தது உண்மை. ஆனா கன்னுக்காக இருக்குற அந்தப் பாசமும் பாலும் கன்னே இல்லாத இடத்துலயும் ஓடுது, ஏன்னா அந்த "க்காக" போன தலைமுறைங்கள்ல உருவானது. எதிர்ல இருக்கிறது வைக்கோலுன்னு அதுக்குத் தெரியாது. அறிவில்லாம ஒரு காரியத்துக்காக ஒண்ணு இருக்க முடியும்னு சாங்கியம் சொன்னதும் அந்த அளவுக்குச் சரி, அதை மொத்தப் பிரபஞ்சத்துக்கும் நீட்டினதைத்தான் நான் ஏத்துக்கல.

அப்படின்னா காக்கா குயில் குஞ்சுக்கு இரை ஊட்டுறது எதுக்கு?

தோல் கன்னுக்குட்டி கதையேதான், இதுல வைக்கோலுக்குப் பதிலா உயிருள்ள குயில். வாயைப் பிளந்து கத்துற குஞ்சுக்கு ஊட்டுறதோட வேலை தன் குஞ்சை வளர்க்கறது, அது இங்க தடம் மாறிப் போகுது. குயில் குஞ்சு பக்கம் பாத்தா அந்தக் கத்தலோட வேலை நிறைவேறிடுச்சு. ரெண்டு உயிரோட "எதுக்கு" எதிரும் புதிருமா இருக்கலாம், மேல இருந்து ரெண்டையும் சேர்த்து வைக்கிற மூணாவது "எதுக்கு" ஒண்ணும் எனக்குத் தெரியல.

பலசாலி வாழணும்ங்கிறதுதான் இயற்கையோட நோக்கம்னா ஏழைக்கு ஏன் உதவணும்?

இயற்கைக்கு அப்படி ஒரு நோக்கம் கிடையாது, மேல முழுக்கச் சொன்னது அதுதான். தகுதியானது பிழைக்கும்ங்கிற வாசகத்தை 1864ல எழுதினவர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், அது எப்படி நடக்குதுங்கிற விவரம் மட்டுமே, எப்படி நடந்துக்கணும்ங்கிற கட்டளை இல்ல. இருக்குறதுல இருந்து இருக்கணும்ங்கிறதுக்கு சும்மா தாவ முடியாதுன்னு டேவிட் ஹியூம் 1740லயே எழுதிட்டாரு. இந்தக் கேள்வியை யாராவது கேட்டா எனக்குக் கோபம் வரும், இதை வச்சு மனுஷங்களைத் தரம் பிரிச்சு கொடுமை பண்ணியிருக்காங்க.

எங்கம்மா கேக்குறாங்க, அப்போ நம்ம வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லையான்னு?

அம்மாகிட்ட சொல்லு, அவங்க காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு உனக்கு டிபன் கட்டுறாங்களே, அது நீ சாப்பிடணும்ங்கிறதுக்காகத்தான், அந்த "க்காக" எருக்கம் பஞ்சோடது மாதிரி கூட இல்ல, அவங்க மனசுல நிஜமா இருக்குற எண்ணம். அந்த எண்ணம் இயற்கைக்குள்ள இருக்குற ஒரு மூளையில நடக்குது, அதனால அதுவும் இயற்கையில இருக்குற நோக்கம்தான். நட்சத்திரத்துக்கு நோக்கம் இல்லங்கிறதால அது குறைஞ்சு போயிடாது.

இதுல ஆறுதல் கிடைக்காதவங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும், முக்கியமா துக்கத்துல இருக்குறவங்களுக்கு "எதனால"ன்னு பதில் சொன்னா போதாது, "எதுக்கு எங்களுக்கு இப்படி"ன்னுதான் கேப்பாங்க. அந்த நேரத்துல நான் தத்துவம் பேச மாட்டேன், பக்கத்துல உக்காருவேன்.

மூளையும் பிழைக்கறதுக்குத்தான் வந்துச்சு, உண்மையைக் கண்டுபிடிக்க இல்ல. அப்போ நீங்க சொல்றது மட்டும் எப்படி உண்மை?

இதுவரைக்கும் வந்ததுலயே கஷ்டமான கேள்வி, 1993ல ஆல்வின் பிளாண்டிங்காங்கிற தத்துவவாதி இதைப் பெரிய வாதமாவே வச்சாரு. பக்கத்துல இருக்குற விஷயத்துல பிழைக்குறதும் சரியா தெரிஞ்சுக்குறதும் பெரும்பாலும் ஒண்ணாப் போகும், பருந்து எங்கன்னு தப்பா கணிக்கிற கோழிக்குஞ்சு தங்காது. அணு, பிரபஞ்சம் மாதிரி தூரத்து விஷயத்துல மூளையை அப்படியே நம்பக் கூடாதுங்கிறதை நான் ஒத்துக்குறேன்.

ஆனா மேல புள்ளி வச்ச பேப்பரை எடுத்துக்கோங்க. நம்ம மூளை அந்த ஓட்டையை நிரப்பி மறைச்சு நம்மளை ஏமாத்துது, அதே மூளைதான் பேப்பரும் ஸ்கேலும் வச்சு அந்த ஏமாத்தைக் கண்டும் பிடிச்சுது. தனி மூளையை நம்பி இயற்கைவாதம் நிக்கல, ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் அளந்து காட்டுற முறையை நம்பி நிக்குது. இது பிளாண்டிங்காவுக்கு முழு பதில் ஆயிடுமான்னா ஆகாது, அந்த முறையையும் நம்ம மூளைங்கதான் எடை போடுதுன்னு அவர் பக்கத்துல இருந்து கேக்கலாம்.

உங்க கருத்தை மாத்திக்கணும்னா என்ன காட்டணும் சார்?

ரெண்டு பக்கத்துல இருந்து வரலாம். ஒண்ணு உணர்வு. தத்துவவாதி தாமஸ் நாகெல் நாத்திகர், கடவுளை வச்சு பேசுறவர் இல்ல, அவரே 2012ல உணர்வையும் அறிவையும் எல்லாமே பொருள்தான்ங்கிற இப்போ இருக்குற பொருள்முதல்வாதம் விளக்கல, இயற்கையிலயே ஒரு இலக்கு நோக்கின சாய்வு இருக்கலாம்னு எழுதினாரு. பூதவாதி சொன்ன வெல்லக்கட்டி உவமை நாகெலுக்கு போதாது, போதை எப்படி வருதுன்னு ரசாயனத்துல படிப்படியா காட்டலாம், வலின்னா உள்ள எப்படி இருக்கும்ங்கிறதை அப்படி இன்னும் யாரும் காட்டல. அவரோட முடிவை நான் ஏத்துக்கல, அவர் சுட்டிக்காட்டுற இடம் காலியா இருக்குங்கிறதை ஏத்துக்குறேன்.

இன்னொண்ணு சோதனைக்கூடத்துல இருந்து. 1952ல ஜோஷுவா லெடர்பெர்க்கும் எஸ்தர் லெடர்பெர்க்கும் பாக்டீரியா வளர்ந்த தட்டு மேல வெல்வெட் துணியை ஒத்தி எடுத்து, அதே அமைப்புல பாக்டீரியாவைக் கொல்ற மருந்து கலந்த தட்டுங்க மேல ஒத்துனாங்க. எல்லா மருந்துத் தட்டுலயும் ஒரே இடத்துலதான் பிழைச்ச கூட்டம் இருந்துச்சு. திரும்பி மருந்தே தொடாத முதல் தட்டுல அதே இடத்துல எடுத்துப் பாத்தா, அங்க மருந்தைத் தாங்குற குணம் ஏற்கனவே இருந்துச்சு. தேவை வந்த பிறகு அதுக்காக வரல, முன்னாடியே சும்மா இருந்துச்சு. இதுக்கு மாறா, வரப்போற தேவையைப் பாத்து அதுக்குப் பொருத்தமான மாற்றம்தான் வழக்கமா வருதுன்னு ஒரு வெல்வெட் துணி காட்டட்டும், காக்கா பனம்பழம் கேள்விக்கு எழுதின பதிலை அன்னைக்கே அழிச்சுட்டு வேற எழுதுறேன்.